வடகிழக்கில் கழிவறை

ஆக்லாந்தில் வாடகைக்கு வரும் எந்த வீட்டிலும் கழிவறை எந்த மூலையில் இருக்கிறது என்பதை, அதைக் கட்டியவரே மறந்தாலும் திசைகாட்டி அங்கிள் மறக்கமாட்டார். மலேசியாவிலிருந்து வந்து குடியேறியவர். லின்ஃபீல்டில் நான் அறை எடுத்திருந்த வீட்டுக்கு அடுத்த வீடு. தமிழர் யார் வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பினாலும், வாஸ்து பார்ப்பதற்காகத் திசைகாட்டியுடன் காரில் ஏறி உட்கார்ந்திருப்பார். யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

"பசியாறியாச்சா தம்பி? போவோமா?"

எனக்கு வீடு அவசரம். மனைவி மாலதியும் கைக்குழந்தையும் மதுரையில் காத்திருந்தார்கள். வாடகை என் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். வாஸ்துவும் சரியாக இருந்தால்தான் விமானம் ஏறுவேன் என்று மாலதி சொல்லிவிட்டாள். மகள் குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் ஸ்கைப்பில்தான் பார்த்தேன்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீடு. பார்க்க வந்த கூட்டம் கல்யாண வீட்டைப்போல் இருந்தது. அங்கிள் நடுக்கூடத்தில் நின்று, பெல்ட் கொக்கியின் இரும்பால் முள் ஆடுகிறது என்று, பெல்ட் அணிந்த அத்தனை பேரையும் ஆங்கிலத்தில் தள்ளி நிற்கச் சொன்னார். அவர்களும் மரியாதையாகச் சுவரோரம் ஒதுங்கினார்கள். பிறகு, அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்றித் தருவீர்களா என்று வீடு காட்ட வந்த பெண்ணிடம் கேட்டார். அந்த வீடு எனக்குக் கிடைக்கவில்லை.

"பூமத்திய ரேகைக்குக் கீழே வந்துட்டோமே அங்கிள், திசையும் தலைகீழா மாறாதா?" என்றேன் ஆற்றாமையில்.

"ஈசானிய மூலை என்ன பஸ்ஸா லா, ரூட்டு மாத்தறதுக்கு? அது என்னைக்கும் வடகிழக்குதான்."

கடைசியாக ரானுயியில் ஒரு வீடு. வெயில் படும் அறைகள், கட்டுப்படியாகும் வாடகை. இன்றே பதில் சொன்னால் உங்களுக்குத்தான் என்றார் உரிமையாளர். கழிவறையோ, வாஸ்துப்படி வரவே கூடாத வடகிழக்கில், அச்சுப் பிசகாமல் இருந்தது.

ஸ்கைப்பில் மாலதியை அழைத்தேன். மடியிலிருந்த குழந்தை என் முகத்தைப் பார்த்ததும், யாரோ அந்நியனைக் கண்டதுபோல் வீரிட்டு அழுதது. அங்கிள் எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், பாத்ரூம் எந்த மூலையில இருக்கு?" என்று மாலதி கேட்டாள்.

அவர் திசைகாட்டியைப் பைக்குள் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"வடகிழக்குல இருக்கும்மா. ஆனா இங்க சூரியனே வடக்குப் பக்கமாத்தான் போகுது. அங்க உள்ள வடக்கு இங்க தெற்கு. அதனால தோஷம் இல்ல. பிள்ளைய தூக்கிட்டு வந்து சேருங்க."

திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே கேட்டேன். "என்ன அங்கிள், ரூட்டு மாறிடுச்சா?"

"காடிய பார்த்து ஓட்டுங்க தம்பி."

அடுத்த மாதம் மாலதி வந்து பால் காய்ச்சினாள். அங்கிள் மதியம் வரை இருந்து, குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தார். மூன்று கோப்பைத் தேநீர் குடித்தார். இடையில் இரண்டு முறை எழுந்து, தெருக்கோடிப் பெட்ரோல் பங்க் வரை போய்வந்தார்.

"வீட்டுலயே பாத்ரூம் இருக்கே, அங்கிள் ஏன் வெளியே போறார்?" என்று மாலதி என் காதோரம் கேட்டாள்.

அவருக்கு நடப்பதென்றால் ரொம்பப் பிடிக்கும் என்றேன்.