ஏழு மணி லாரியும் புரூப் ஐயாவும்

திருவொற்றியூரில் கொசுவுக்குப் பயந்தவர்கள் உண்டு, புயலுக்குப் பயந்தவர்கள் உண்டு. சுவரில் 7 என்று எழுதியிருந்தால் பதறிப்போனவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே எங்கள் புரூப் ஐயா ஒருவர்தான்.

அச்சாபீசில் புரூப் பார்த்து ஓய்வு பெற்றவர். நிஜப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. வேலை போனது, திருத்துகிற கை மட்டும் நிற்கவில்லை. ஒன்றிலிருந்து பத்து வரை எழுத்தால் எழுத வேண்டும், பத்தைத் தாண்டினால்தான் எண் போடலாம் என்பது அவருடைய சட்டம். "சின்ன எண்ணை அப்படியே போட்டா, வேட்டி இல்லாம தெருவுல நிக்கிற மாதிரி இருக்கும்மா" என்பார்.

இட்லிக் கடை ராணி பலகையில் '1 செட் 4 இட்லி' என்று எழுதி வைப்பாள். துண்டு நுனியை நனைத்து அதை அழித்துவிட்டு, 'ஒரு செட், நான்கு இட்லி' என்று எழுதிவிட்டுப் போவார்.

"யோவ் பெர்சு! படிச்சு முடிக்கறதுக்குள்ள இட்லி ஆறிப்பூடும்யா!" என்று ராணி கரண்டியோடு ஓடி வருவாள்.

ஒரு கல்யாண பேனரில் '2 உள்ளங்கள் 1 ஆகும் நாள்' என்று போட்டிருந்தார்கள். முக்காலியும் கறுப்பு மையுமாக வந்துவிட்டார். மாப்பிள்ளையின் தோஸ்துகள் ஓடி வந்தார்கள்.

"வாணாம் நைனா! மாப்ள மூஞ்சி கீது, பாத்து!"

"தள்ளுங்கப்பா. இது கல்யாணமா, வாய்ப்பாடா?"

தள்ளுமுள்ளில் கை வழுக்கி, மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் மீசை காது வரை நீண்டது. அடி விழப்போகிறதே என்று கதவிடுக்கில் நின்று நான் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, மாப்பிள்ளையே சிரித்துவிட்டான்.

இப்படிப்பட்டவர் கையில் தெருக்காரர்கள் போய்ச் சாக்பீஸைக் கொடுத்தார்கள்.

குழாய்த் தண்ணீர் நாறியதால் எங்களுக்கெல்லாம் லாரித் தண்ணீர்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எத்தனை மணிக்கு என்பதை முதல் நாள் மாலை, தெருமுனைக் கரும்பலகையில் டீக்கடைக்காரர் எழுதுவார். '7 மணி லாரி', அவ்வளவுதான். அவர் கடையை ஒரேயடியாக மூடிவிட்டுப் போனதும் அந்த வேலை புரூப் ஐயாவுக்கு வந்தது. முதல் நாளே முத்து முத்தாக எழுதினார்: 'நாளை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வரும்.'

மறுநாள் லாரி வந்தது. வரிசையில் என் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியைக் காணவில்லை. அவள் மகள் பிள்ளை பெற்று வந்து படுத்திருக்கிறாள், வீட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. என் பங்கில் இரண்டு குடம் கொண்டுபோய் ஊற்றினேன். பிரசவ வீட்டுக்கு அது எம்மாத்திரம்?

லாரி போன பிறகு மீன் கூடையோடு காசிமேட்டிலிருந்து வந்து இறங்கினாள் கஸ்தூரி. சேதி கேட்டதும் கூடையைப் போட்டுவிட்டு நேரே பலகைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். புரூப் ஐயா அங்கேதான் நின்றிருந்தார்.

"யோவ் புரூப்பு! லாரி எப்போன்னு போடாம இன்னாயா கதை எழுதிக்கினு கீற?"

"போட்டிருக்கேனேம்மா, ஏழு மணின்னு."

"எங்க கீது ஏழு? காட்டு!"

அவர் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுவா ஏழு? ஏழுன்னா கொக்கி மாரி இருக்கும்யா! பஸ்ல போட்டுக்கீறான், போன்ல போட்டுக்கீறான், உனக்கு மட்டும் இன்னா நோவு?"

கஸ்தூரிக்கு எண் மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பலகையில் எண்ணே இல்லாததால் லாரி இல்லை என்று நினைத்துப் போயிருக்கிறாள்.

"பத்துக்குள்ள எண் போட்டா அழகில்லம்மா..." என்று இழுத்தார்.

"அழகை வெச்சு கொயந்தைக்குக் கால் கய்வ முடியுமா? துணியெல்லாம் நாறிக்கினு கீது!"

அவர் முகம் செத்துவிட்டது. வீட்டுக்குப் போய், பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து கஸ்தூரி வாசலில் வைத்தார். வேட்டியெல்லாம் நனைந்திருந்தது.

அடுத்த லாரிக்கு முதல் நாள் மாலை, எனக்கு அடுப்பில் வேலை ஓடவில்லை, தெருமுனைக்கே போய் நின்றேன். எண் போடுவாரா, மாட்டாரா? இன்னொரு முறை தண்ணீர் தப்பினால் அந்தப் பச்சைக் குழந்தை என்ன ஆகும்? 'நாளை காலை' என்று எழுதிவிட்டு வெகுநேரம் நின்றார். எழுதினார், அழித்தார். கடைசியில் பழையபடி 'ஏழு' என்றே எழுதினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம்தான் கஸ்தூரி மீன் கடை போடுவாள். நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், கத்தினாலும் கேட்காது. புரூப் ஐயா அவளைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு கையில் ஐந்து விரல், இன்னொன்றில் இரண்டு. லாரி மறைத்தது. கையை இறக்கவில்லை. இன்னொரு லாரி. "யாருப்பா போலீஸ், இவரு சரணடைஞ்சுக்கினு கீறாரு?" என்று பஸ்ஸிலிருந்து ஒருவன் கத்தினான். அவர் அசையவில்லை. வழி விட்டதும் கஸ்தூரி பார்த்துத் தலையாட்டினாள். அப்புறம்தான் கை இறங்கியது.

மகன் வீட்டுக்கு ஆவடிக்குக் குடி போகிற வரை, லாரிக்கு முதல் நாளெல்லாம் அப்படித்தான் நின்றார். போகப்போக, அவர் கை தூக்கியதுமே கஸ்தூரி தலையாட்டிவிடுவாள். எத்தனை விரல் என்று பார்க்கக்கூட மாட்டாள்.

"பாவம்க்கா, கிழவனுக்குக் கை நோவும்" என்பாள்.

எத்தனை மணி என்று, அப்புறம் நான்தான் அவளிடம் போய்ச் சொல்வேன்.