மடியில் ஒரு போன்

"போனை விடுங்கண்ணே, முதல்ல உங்க மூஞ்சியை நம்பாதீங்க" என்றார் செல்போன் கடைக்காரர்.

கண்ணாடிக்கடைக்காரர் தன் முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற முகம். இதுவரை பெரிதாகத் துரோகம் எதுவும் செய்ததாக நினைவில்லை.

"எல்லையில நிக்கிற ஆபீசர் போனை உங்க மூஞ்சிக்கு நேரா இப்படிக் காட்டினாப் போதும். அது பாட்டுக்குத் திறந்துக்கும். அப்புறம் உங்க வண்டவாளம் எல்லாம் தண்டவாளம் ஏறிடும்."

"ஆபீசர் பார்த்தாக்கூடப் பரவால்ல தம்பி. பக்கத்துல என் வீட்டுக்காரி நிப்பாளே."

செல்போன் கடைக்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணிகிட்ட மறைக்கிற அளவுக்கு அப்படி என்னண்ணே உள்ள வெச்சிருக்கீங்க?"

"நீங்க நினைக்கிற மாதிரி எல்லாம் இல்ல. உள்ள இருக்கறது என் மச்சான். அவளோட அண்ணன்."

"ச்சே" என்று செல்போன் கடைக்காரர் மறுபடி திருப்புளியை எடுத்தார்.

விஷயம் இதுதான். எட்டு வருடங்களுக்கு முன்னால் மச்சான், இறந்துபோன அம்மாவின் தையல் மிஷினைத் தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். துருப்பிடித்தது, ஓடாதது, இடத்தை அடைத்தது என்று அவர் சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மை. ஆனால் அந்த மிஷினில்தான் தங்கை தையல் பழகினாள். இன்றைக்கும் ஊரில் பாதி ஜன்னல்களில் தொங்குவது அவள் தைத்த திரைகள்தான். வெளியூரில் திரை மாட்ட வேண்டும் என்று மாதம் ஒருமுறை போய்த் தங்கியும் வருவாள். இரும்போடு உறவும் எடைக்குப் போயிற்று. மச்சான் வேலை கிடைத்து எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். "அந்த ஆள் வீட்டு வாசப்படியை மிதிச்சீங்கன்னா, அப்புறம் இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதீங்க" என்று கணவருக்கும் உத்தரவு பிறந்தது. அவரும் கட்டுப்பட்டுத்தான் இருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் லென்ஸ் வாங்க அந்தப் பக்கம் போனபோது, பஸ் நிறுத்தத்தில் ஒரு மனிதர் வருகிற பஸ்ஸை எல்லாம் கைகாட்டி நிறுத்தி "இது எங்க போகுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் மச்சான். ஒரு கண்ணில் பார்வை போயே விட்டது. இன்னொன்றில் பாதிதான் மிச்சம். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், துணைக்கு யாரும் இல்லை. கண்ணாடி விற்றுப் பிழைக்கிறவரால் அதைப் பார்த்துவிட்டு எப்படி நடையைக் கட்ட முடியும்? அன்றிலிருந்து லென்ஸ் வாங்கப் போகும்போதெல்லாம் மச்சானையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். புதுக் கண்ணாடியோடு மச்சான் சிரிக்கிற படங்கள், "மாப்பிள்ளை, பத்திரமாப் போய்ச் சேர்ந்தீங்களா" என்கிற குரல் செய்திகள் எல்லாம் போனுக்குள் குடியிருந்தன.

இப்போது அந்த மிச்சக் கண்ணில் ஆபரேஷன். கட்டோடு வெளியே வருகிறவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போக ஓர் ஆள் வேண்டும். "நான் இருக்கேன் மச்சான்" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் வழக்கம்போல லென்ஸ் வாங்கப் போவதாகச் சொன்னார்.

"இந்தத் தடவை நானும் வர்றேன்" என்றாள் மனைவி. "அந்தப் பக்கம் திரைத்துணி நல்லா இருக்காம்."

வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. அவளைத் துணிக்கடையில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டார். துணிக்கடையில் நுழைந்த மனைவி சீக்கிரம் வெளியே வந்ததாக உலகத்தில் யாரும் சொன்னதில்லை. ஆனால் எல்லையில் போனைத் திறந்து, உள்ளே இருக்கிற படம் வரைக்கும் பார்க்கிறார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னதிலிருந்துதான் அவருக்குத் தூக்கம் போயிற்று.

"பயப்படாதீங்க" என்றார் செல்போன் கடைக்காரர். "மூஞ்சிப் பூட்டை எடுத்துட்டேன். இனிமே பாஸ்வேர்டுதான். நீளமா ஒரு பழமொழியைப் போடுங்க, நடுநடுவுல நம்பரைச் சேருங்க. எந்தக் கொம்பனாலயும் திறக்க முடியாது."

கண்ணாடிக்கடைக்காரர் "மடியில் கனமிருந்தால் வழியில் பயம்" என்பதைப் போட்டு, இடையிடையே எண்களைத் தூவினார். படங்களை எல்லாம் போனிலிருந்து அழித்து, இன்டர்நெட்டில் எங்கேயோ ஏற்றியும் கொடுத்தார் செல்போன் கடைக்காரர். கண்ணாடிக்கடைக்காரர் இலேசான மனதோடு வீட்டுக்கு வந்தார்.

மனைவி கூடத்தில் உட்கார்ந்து யாருடைய திரைக்கோ விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடாமல் கிடந்தது. திடீரென்று அது தானாக உயிர்பெற்று, மெல்லிய வாத்திய இசையோடு "உங்கள் இனிய நினைவுகள்" என்றது. அடுத்த நொடி, சுவரளவு மச்சான் சிரித்தார். படங்கள் ஏறிய இன்டர்நெட் கணக்கும் டிவியின் கணக்கும் ஒன்றே என்பதைச் செல்போன் கடைக்காரர் சொல்ல மறந்திருந்தார்.

"யாருங்க அது?"

"விளம்பரம்."

"என்ன விளம்பரம்?"

"கண்ணாடி விளம்பரம். நம்ம தொழில்தான்" என்றபடி அவர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

மனைவி இருண்ட டிவியையே சற்று நேரம் பார்த்தாள். "அந்த பிரேம் அந்த ஆளுக்கு எடுப்பா இல்ல. கொஞ்சம் அகலமாப் போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

அவளுக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கண்ணாடி மாற்றித் தரச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர் சொந்த மனைவிக்கு இன்று, நாளை என்று தள்ளிப்போட்டிருந்தார். தன் சோம்பேறித்தனத்துக்கு அவர் முதல்முறையாக நன்றி சொன்னார்.

மறுநாள் காலையில் செல்போன் கடை திறக்கும் முன்பே போய் நின்றார். "பேசாம போனை வீட்டுலயே விட்டுட்டுப் போயிடறேனே."

"போங்களேன்."

"முடியாதே. ஆஸ்பத்திரிக்குள்ள கூட இருக்கறவங்களுக்கான பாஸ் இதுல வந்திருக்கு. அதைக் காட்டினாத்தான் விடுவாங்களாம்."

"அப்ப ரெண்டு போன் எடுத்துக்கோங்க" என்று ஒரு பழைய போனைத் துடைத்துச் சுத்தம் செய்து நீட்டினார் கடைக்காரர். "இதுல ஒண்ணுமே கிடையாது. ஆபீசர் கேட்டா இதைக் கொடுங்க. உங்க போனை அணைச்சு, யாரும் பார்க்காத இடத்துல வெச்சிடுங்க."

யாரும் பார்க்காத இடம் எது என்று பஸ் ஏறும் வரையில் யோசித்தார். இடது பக்க இருக்கையில் உட்காரப் போனவரை மனைவி தடுத்தாள்.

"அந்தப் பக்கம் வேண்டாங்க. பாலம் தாண்டினதும் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும்."

அவள் சொன்னால் வெயிலும் கேட்கும். வலது பக்கம் உட்கார்ந்தார்.

"உன் போன் எங்க?"

"வீட்டுலயே மறந்துட்டேன்."

திரை மாட்டும் ஒரு கொக்கியைக்கூட மறக்காதவள். வயதாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் அவள். "மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுப் போட்ட பாஸ்வேர்டு இவளுக்கு எப்படித் தெரிந்தது? அது பழமொழிதான், எல்லோரும் சொல்வதுதான் என்று புரிவதற்குள் பாலம் வந்துவிட்டது. வெயில் இடது பக்கக்காரர்களின் முகத்தில் அடித்தது.

வழியில் பஸ் நின்றபோது மனைவி முகம் கழுவ இறங்கினாள். அந்த இடைவெளியில் அவருக்கு ஞானம் பிறந்தது. அவளுடைய பையில் திரைத்துணி மாதிரிகளைச் சுருட்டி வைத்திருந்தாள். திரை தைக்கிற பெண்ணின் துணிச்சுருளை எந்த அதிகாரி பிரிக்கப் போகிறார்? போனை அதற்குள் செருகினார்.

எல்லைச் சாவடியின் பெரிய கூடத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. "அந்த வரிசை வேண்டாங்க. அவர் ஒவ்வொருத்தரையும் குடைஞ்சு எடுத்துடுவார்" என்றாள் மனைவி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா?"

இவருக்கு அந்த முகம் சாதுவாகத்தான் பட்டது. இளம் அதிகாரி, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஒரு விஷயத்திலாவது தன் பேச்சு நிற்கட்டுமே என்று அங்கேயே போய் நின்றார்.

"போனைக் கொடுங்க" என்றார் இளம் அதிகாரி.

கண்ணாடிக்கடைக்காரர் பெருமையோடு பழைய போனை நீட்டினார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"புதுசு சார்."

"கண்ணாடி கீறியிருக்கு, மூலை உடைஞ்சிருக்கு. ஒரு நம்பர்கூட இல்ல. வீட்டம்மா நம்பர்?"

"அவங்கதான் பக்கத்துலயே இருக்காங்களே சார்."

இளம் அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மனைவியின் பையை மட்டும் இன்னொரு தடவை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்பினார். துணிச்சுருளுக்குள் கறுப்பாக ஒரு கட்டம் தெரிந்தது.

"இது யாரோடது?"

"எனக்குத் தெரியாது சார்" என்று முந்திக்கொண்டார் கண்ணாடிக்கடைக்காரர். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இருவரையும் ஓர் அறைக்குள் உட்காரவைத்தார்கள். மேஜை மேல் போன் கிடந்தது. அது போட்டிருந்த நீல உறை மனைவி தைத்துக் கொடுத்தது. மூலையில் அவள் கைத்தையல் பளிச்சென்று தெரிந்தது.

"தெரியாத போனை மறைச்சுக் கொண்டு வந்தா பெரிய சிக்கல்மா" என்றார் இளம் அதிகாரி. "கடைசியாக் கேக்கறேன். யாரோடது?"

மனைவி கணவரைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். "என்னோடதுதான் சார்" என்றாள்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவருக்காகப் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. தான் பதுக்கிய சுமையை அவள் தலையில் ஏற்றிவிட்டு, தெரியாது என்று வேறு சொல்லிவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இல்ல சார். என்னோடது" என்றார்.

"அப்ப திறங்க."

திறக்கப் பார்த்தார். பழமொழி நினைவிருந்தது. எண்கள் மடியில் இருந்தனவா வழியில் இருந்தனவா என்பதுதான் மறந்துவிட்டது. நாலைந்து முறை தப்பாக அடித்ததும் போன், பிறகு வா என்று சொல்லிவிட்டது. வெளியே பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அதை விட்டால் அடுத்த பஸ் நாளை மதியம்தான். மச்சானுக்கு ஆபரேஷன் நாளை காலை.

இனி மறைத்துப் பயனில்லை.

"சார், நான் திருடன் இல்ல. என் மச்சானுக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன். இருக்கறதே அந்த ஒரு கண்ணுதான். அவரோட பேசக்கூடாதுன்னு இவ சொல்லியிருக்கா. நான் ரெண்டு வருஷமா இவளுக்குத் தெரியாமப் போய்ப் பார்த்துட்டு இருக்கேன். அவர் பேசினதும் ஆஸ்பத்திரி பாஸும் இந்தப் போன்ல இருக்கு. உங்ககிட்ட இருந்து மறைக்கல சார், இவகிட்ட இருந்துதான் மறைச்சேன்."

இளம் அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீ என்னை என்ன வேணாத் திட்டு. வீட்டுப் பூட்டை மாத்திக்கோ. ஆனா நாளைக்கு அவர் கட்டோட வெளிய வர்றப்ப, ஒண்ணும் தெரியாம இப்படிக் கையை நீட்டுவார். அப்ப பிடிச்சுக்க ஒரு கை இருக்கணும். அதுக்கு மட்டும் என்னை விட்டுடு."

அவர் காட்டுவதற்காக நீட்டிய கை அப்படியே நின்றது. மனைவி தலையைக் குனிந்துகொண்டு பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. கோபம் உச்சிக்குப் போய்விட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

அப்போது கதவு திறந்தது. அடுத்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அதிகாரி, எதற்கோ முத்திரைக் கட்டையைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தாள். மனைவியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அடடே, நீங்களாக்கா? மாசாமாசம் நம்ம வரிசையிலதானே வருவீங்க, இன்னிக்கு ஏன் இங்க மாட்டிக்கிட்டீங்க? நல்லவேளை, இந்தத் தடவையாவது வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிட்டு வந்தீங்களே. உங்க அண்ணனுக்கு ஆபரேஷன் நாளைக்குத்தானே?"