தரையில் கிடந்தால் குப்பை

திண்டுக்கல்லில் தூசி என்று ஒரு பொருளே கிடையாது என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். நாகல்நகரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் சரட்டக்கா இருந்ததுதான் காரணம். தென்னை விளக்குமாறு ‘சரட் சரட்’ என்று தரையைத் தேய்க்கிற சத்தத்தில்தான் அங்கே பொழுது விடியும், அதே சத்தத்தில்தான் அடையும். அக்காவின் சொந்தப் பேர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

வாசலில் நின்ற வாதாமரத்தில் ஓர் இலை காம்போடு ஆடத் தொடங்கினால் போதும், அக்கா அதற்கு நேர் கீழே வந்து நின்றுவிடுவார். தபால்காரர் கேட்டைத் தாண்டி வரமாட்டார். ஒருமுறை வந்துவிட்டு, தன் கால்தடத்தைத் தானே கூட்டிவிட்டுப் போனவர் அவர். அக்காவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: “தரையில கெடந்தா அது குப்பை.”

தொண்ணூறுகளின் கடைசியில், ஊர் ஊராகப் பொருட்காட்சி போடும் ஒரு ராட்டினக் கம்பெனியில் எனக்கு ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் வடக்கே சுற்ற வேண்டும். மனைவியைக் கூட்டிவரலாம், ஆனால் குடும்பத்துக்கு ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை மூட்டை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் நாக்பூர் வந்து சேராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். பழைய வேலையை விட்டாயிற்று. எங்கள் வீட்டுக்கு வேறு ஆள் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

ஒரு வீட்டைப் பெட்டிக்குள் அடைப்பது, யானையை மடித்து டிபன் பாக்ஸில் வைக்கிற வேலை. என் மனைவி செல்வி சாமான்களைப் பரப்பி நடுவில் உட்கார்ந்தாள். ஒத்தாசைக்கு அக்கா வந்தார், விளக்குமாற்றோடு.

“யக்கா, அது குப்பை இல்ல, இட்லிச் சட்டி.”

“தரையிலதான கெடந்துச்சு?”

“வேற எங்க வைக்க? பீரோவ வித்தாச்சு, பலகையக் குடுத்தாச்சு.”

“அப்ப மடியில வச்சுக்க.”

செல்வி சட்டியை மடியில் வைத்துக்கொண்டே மற்றதைப் பங்கு பிரித்தாள். எதை விடுவது என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் அக்கா முடிவு பண்ணிவிடுவார். மெக்கானிக் என்பதால் நான் அவருக்குக் ‘கரண்டு’. “ஏலே கரண்டு, ரெண்டு பேருக்கு எதுக்குலே இம்புட்டுக் கரண்டி? ஆளுக்கு ஒரு வாய்தான இருக்கு?”

கிளம்புகிற காலை. ரயில் டிக்கெட், கம்பெனிக் கடிதம் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள். பெட்டியில் நம்ம ஊர்ப் பூட்டு. மூட்டையை இறுக்கிக் கட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. சாவியைச் செத்த நேரம் தரையில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

“யக்கா, சாவி?”

“என்ன சாவி?”

“இங்கதான், தரையில...” என்னும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கூட்டியதைத் தெருமுனைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்திருந்தார்.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. பூட்டை உடைக்கப் பார்த்தேன். சுத்தியலின் பிடிதான் உடைந்தது. நாதாங்கியைப் பெயர்க்கலாமென்றால், அது ஜென்மத்துக்கும் அசையாதபடி முந்தின நாள்தான் நானே வெல்டிங் வைத்திருந்தேன். செல்வி பார்த்த பார்வையில் இரும்பே இளகியிருக்கும். பூட்டு இளகவில்லை.

தெருமுனையில் முனிசிபாலிட்டி டிராக்டர் குப்பையை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. அக்கா ஓடிப்போய், விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்து, அதன் முன்னால் நின்றார்.

“எறக்கு.”

“எதயக்கா எறக்க?” என்றார் டிரைவர்.

“அம்புட்டையும்.”

“நடுரோட்டுல கொட்டுனா எனக்கு வேலை போயிரும்.”

“ரோட்டுல யாரு கொட்டச் சொன்னா? எங்க வாசல்ல கொட்டு.”

ஓர் இலை விழ அனுமதியில்லாத வாசலில் தெருக் குப்பை முழுக்க வந்து விழுந்தது. அக்கா மண்டியிட்டு இரண்டு கையாலும் கிளற ஆரம்பித்தார். பக்கத்தில் நானும் செல்வியும். பூசணிக் குடல், தேங்காய் நார், யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்பு.

“வண்டி கொடைரோட்டத் தாண்டிருக்கும்ணே,” என்றார் ஆட்டோக்காரர். நாங்கள் நிமிராமல் கிளறினோம். சற்றுப் பொறுத்து, “அம்பாத்துரையே வந்திருக்கும், அடுத்தது நம்ம ஸ்டேஷன்தான்,” என்றார்.

புளித்துப்போன மாவுக்குள்ளிருந்து அக்காவின் கை வெளியே வந்தது. சாவியைத் தன் சேலையிலேயே துடைத்து நீட்டினார்.

“இந்தா. இனிமே எதையாச்சும் கீழ வச்சே, கைய ஒடிச்சிருவேன். ஓடு.”

பெட்டியைத் திறந்து டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம். ஆட்டோவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, முழங்கால் உயரக் குப்பைக்கு நடுவே அக்கா நின்றுகொண்டிருந்தார். நகரத் தொடங்கிய ரயிலில் எங்களையும் பெட்டியையும் யார் யாரோ இழுத்துப் போட்டார்கள்.

“பாவங்க, இன்னைக்குப் பூரா கூட்டணும்,” என்றாள் செல்வி.

“அக்காவுக்குத் தீபாவளி மாதிரி இருக்கும்,” என்றேன்.

சொன்ன நாளில் நாக்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ராட்டினம் பொருத்துகிற வேலை மும்முரத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் டெலிபோன் பூத்துக்குப் போக முடிந்தது. காம்பவுண்டில் போன் வைத்திருந்தவர் வீட்டுக்காரர் மட்டும். என் குரலைக் கேட்டதும் பொரிந்தார்.

“ஏய்யா, போய்ச் சேந்தா ஒரு போன் பண்ண மாட்டியா? இங்க வாசல்ல கால் வைக்க முடியல. நாத்தம் கொடலப் புடுங்குது.”

“ஏங்கய்யா, அக்கா கூட்டலையா?”

“ஊருக்குப் போறவுக வாசலத் தாண்டுனதும் கூட்டக்கூடாதுன்னு எல்லாரும் செத்த நேரம் சும்மா இருப்பாக. இவ, நீங்க போய்ச் சேந்த சேதி வந்தாத்தான் கூட்டுவாளாம். வெளக்குமாத்த மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. மத்தவுகளயும் தொட விடல.”

“சேந்துட்டோம்னு சொல்லுங்கய்யா.”

அவர் போனை மேஜையில் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில் கேட்டது: சரட், சரட், சரட்.

பூத்துக்காரர் ஓடுகிற மீட்டரைக் காட்டினார். நான் போனை வைக்கவில்லை.