பத்து மணி மீன்

அந்தச் சனிக்கிழமை காலை புதிய பல் மருத்துவமனையில் இருந்தவர்கள் இவர்கள்: ஓய்வுபெற்ற டைப்ரைட்டிங் வாத்தியார், அவர் மனைவி, அவர்கள் மகள், மகளின் மாமனாரான பல் டாக்டர், டாக்டரின் அக்கா. நேரத்தோடு வந்துவிட்ட நோயாளிகள் நான்கு பேர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவர்கள் கவனம் வேறெங்கோ இருந்தது. வாசலில் ஏணியோடு ஒரு தையற்காரர். இவர்களைத் தவிர, நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிகிற யாரும் அங்கே இல்லை.

மணி ஒன்பது. கம்ப்யூட்டர் மீனைக் காட்ட மறுத்தது.

"முதல் வரியிலேயே தப்புன்னு சொல்லுதுப்பா," என்றாள் மகள். வரவேற்பு மேசை அவள் பொறுப்பு.

"என் டைப்பிங்ல தப்பா? அதுகிட்ட இன்னொரு தடவை நல்லா படிச்சுப் பாக்கச் சொல்லு."

வாத்தியாருக்கு இது தலைபோகிற விஷயம். புதன்கிழமை டாக்டர் போன் செய்திருந்தார்.

"சம்பந்தி, பழைய கிளினிக் ஸ்க்ரீன்ல மீன் இருக்குமே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? அழகா நீந்துமே!"

"குழந்தைங்க அதையே பாத்துக்கிட்டு அழாம உக்காந்திருக்கும். அதைப் புது இடத்துக்குக் கொண்டு வரணும். அளவுதான் இடிக்குது, இங்க அகலம் ஜாஸ்தி. உங்க தெருவுல ஒருத்தர் நல்லா மாத்திக் கொடுப்பாராமே?"

"வெளியாள் எதுக்கு? நான் பண்ணித் தர்றேன்."

"நீங்களா? உங்களுக்கு அந்த வேலையெல்லாம் வருமா?"

"நாலு மாசமா கத்துக்கிட்டு இருக்கேன், சம்பந்தி."

"ஆச்சரியமா இருக்கே! சனிக்கிழமை பத்து மணிக்குள்ள முடியுமா?"

"சொன்னா சொன்னதுதான்."

போனை வைத்ததும் மனைவி கேட்டார். "ஏங்க, பொண்ணு கொடுத்த வீடு. முடியலைன்னா அவ அங்க எப்படித் தலைநிமிர்றது?"

"நம்ம வீட்டுல சொன்ன சொல் தவறினது உண்டா?"

"அதான் கேக்கறேன்."

அன்று மாலையே பழைய கிளினிக்குக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்தார். கம்ப்யூட்டரைச் சும்மா விட்டால் திரையில் தானாக ஆறு மீன்கள் நீந்தும், அதுதான் ஸ்க்ரீன்சேவர். மேசைமேல் ஒரு பையில் நீலத் துணி ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். தூசி படாமலிருக்கக் கொடுத்திருக்கிறார், டாக்டர் முன்யோசனைக்காரர் என்று மெச்சியபடி, மடிப்பைக் கலைக்காமல் அதைப் பெட்டிமேல் போர்த்திக் கயிறு கட்டிக்கொண்டார்.

மீன்களை ஓட்டியது நூற்றுப்பத்து வரிக் கட்டளைகள் கொண்ட ஒரு சின்ன மாட்யூல். பழைய புரோகிராமிலிருந்து அதைப் புதிய புரோகிராமுக்கு மாற்ற வேண்டும். பார்த்துப் பார்த்து, ஓர் எழுத்து பிசகாமல், அத்தனையையும் திரும்ப அடித்துவிட்டார். மாற்றுவது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தார். திருப்பிக் கொடுப்பதற்காகப் பழைய கம்ப்யூட்டரையும் மறுபடி அதே துணியும் கயிறுமாகக் கட்டி, இன்று கொண்டுவந்து மேசையோரம் வைத்திருந்தார்.

இப்போது மகள் திரைக்கு அருகில் குனிந்தாள்.

"அப்பா, ஒண்ணு வர்ற இடத்துல எல்லாம் இங்கிலீஷ் எல் அடிச்சிருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

பழைய டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கீ கிடையாது. சின்ன எல்தான் ஒன்று. நாற்பது வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். கற்றவர்கள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

"கம்ப்யூட்டருக்கு வேற வேறப்பா."

"அவ்வளவுதானே?" எல் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றும்படி ஒரே கட்டளை கொடுத்தார். எண்களோடு சேர்ந்து, சொற்களுக்குள் இருந்த எல்லும் ஒன்றாகிவிட்டது. ஒன்று வரும் சில வரிகளில் மட்டும் இருந்த தப்பு நாற்பத்திரண்டு வரிகளுக்குப் பரவியது.

அப்பாவும் மகளும் ஒவ்வொன்றாகத் திருத்தி முடித்தபோது ஒன்பதரை. மீன்கள் வந்தன. ஆறும் மல்லாந்து வந்தன.

டாக்டரின் அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, செத்த மீனா இருக்கு? பல்லைப் பிடுங்க வர்றவனுக்கு உசிர்மேல பயம் வந்துடாது?"

பழைய புரோகிராம் உயரத்தைக் கீழிருந்து எண்ணியது. புதியது மேலிருந்து எண்ணியது. வாத்தியார் அதைக் கண்டுபிடித்தே விட்டார். உயரத்துக்கு ஒரு மைனஸ் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கவாட்டுக்கும் ஒன்று போட்டார்.

மீன்கள் நிமிர்ந்தன. நிமிர்ந்து, வாலை முன்னால் நீட்டிக்கொண்டு போயின.

"ரிவர்ஸ்ல போகுதே! பின்னாடி யாரு பாத்துச் சொல்றது?" என்றார் அக்கா.

"சம்பந்தி, மீன் ஆச்சா?" உள்ளறையில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த டாக்டர் குரல் கொடுத்தார்.

"அஞ்சே நிமிஷம்!"

அக்கா உள்ளே போய், விளக்கின் உயரம் சரியா என்று பார்க்க நோயாளியின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

வாத்தியார் மாட்யூலை மறுபடி மேலிருந்து படித்தார். ஒரு வரி 'அழி' என்றது. திறப்பு விழா நாளில் இப்படியொரு சொல்லா? எடுத்துவிட்டார். கடைசி வரி 'கொல்' என்றது. மருத்துவமனையில்! அதையும் எடுத்தார்.

'அழி' என்பது, மீன் ஓரடி நகர்ந்ததும் பழைய இடத்திலிருந்த படத்தை அழிக்கும் வரி. 'கொல்' என்பது, யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டால் ஸ்க்ரீன்சேவரை நிறுத்தும் வரி.

ஆறு மீன் அறுபதாயின. அறுபது அறுநூறாயின. திரையில் தண்ணீருக்கு இடமில்லை. மௌஸை ஆட்டினாலும் கீயைத் தட்டினாலும் அவை போகவில்லை.

"அப்பா, நோயாளிங்க பேரெல்லாம் இதுக்கு அடியில இருக்கு!"

"அடியிலதானே இருக்கு? ஞாபகத்துல கூப்பிடேன்."

மகள் வேறு வழியில்லாமல் எழுந்து நின்றாள். "பல் வலிக்கிறவங்க கொஞ்சம் கை தூக்குங்க."

நான்கு கைகள் உயர்ந்தன.

"ஏங்க, பிளக்கைப் பிடுங்குங்க!" என்றார் மனைவி.

வாத்தியார் மேசைக்கடியில் புகுந்து பிடுங்கினார். மீன்கள் போகவில்லை. உள்ளறையில் 'உய்ய்' என்று மேலே போய்க்கொண்டிருந்த நாற்காலி உச்சியில் நின்றது.

"அடேய் தம்பி! யாருடா கரண்ட்டை நிறுத்தினது? ஃபேன் தலையில இடிக்குதுடா!" என்றது மேலிருந்து அக்காவின் குரல்.

பதறிப்போய் அடுத்ததையும் பிடுங்கினார். கம்ப்யூட்டர் இருண்டது. திரும்பச் செருகி எப்படித் தட்டியும் அது மறுபடி விழிக்கவில்லை.

சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது.

டாக்டர் வெளியே வந்தார். "பத்தாச்சே சம்பந்தி. மீன் எங்க?"

வாத்தியார் மேசைக்கடியிலிருந்து எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். மகள் தலைகுனிந்திருந்தாள். அதை அவரால் பார்க்க முடியவில்லை.

"சம்பந்தி, எங்க வீட்டுல யாரும் இப்படிச் சொன்னதில்லை. நான் சொல்றேன். என்னால..."

"டாக்டர், நான் மாட்டிடட்டுமா? எனக்கு இன்னும் ரெண்டு வீட்டு வேலை இருக்கு," என்றார் வாசலில் நின்ற தையற்காரர். பேசிக்கொண்டே உள்ளே வந்து, பழைய கம்ப்யூட்டரைச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து, நீலத் துணியை உதறி விரித்தார். அதில் ஆறு ஆரஞ்சு மீன்கள் இருந்தன. "குழந்தைங்க ஜன்னலுக்கு மீன் போட்ட ஸ்க்ரீனை ஐயா கொண்டு வருவார்னு சொன்னீங்களே, இதானே? அகலம் பத்தலை. ரெண்டு பக்கமும் துணி ஒட்டுப் போட்டாச் சரியாயிடும்."

டாக்டர் துணியைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு வாத்தியாரை. உள்ளறையில் அக்கா இன்னும் மேலேயே இருந்தார்.

வாத்தியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று வெளியில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். சனிக்கிழமை பத்து மணிக்குள் கொண்டுவருவதாகச் சொன்ன மீனை, அவர் ஒன்பதுக்கே கொண்டுவந்துவிட்டார்.