எட்டாம் வரிசையில் என் மனைவி

சுப்புராமனை ஒழித்துக்கட்டுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தேன். அடிதடி கிடையாது, சத்தம் கிடையாது. ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு என் மனைவி ஜாக்குலினை அவன் சிரிக்க வைக்கிறான். எனக்கு அது போதும்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். நான் சொன்ன ஜோக்குக்கு அவள் சிரித்தது மொத்தம் இரண்டு தடவை. அதில் ஒரு தடவை நான் ஜோக்கே சொல்லவில்லை, திருவிடந்தை பஸ் ஸ்டாப்பில் வழுக்கி விழுந்தேன். அப்படிப்பட்டவள் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவன் சொல்வது எனக்குக் கேட்காது. இவள் சிரிப்பது மட்டும் கேட்கும். வயிறு எரிந்தது.

முதல் நாளே கேட்டேன். "இன்னா இது?"

"கோர்ஸு. ஆன்லைன்ல சேந்துகீறேன். போன வாரமே சொன்னேன். நீங்க மேட்ச் பாத்துகினு இருந்தீங்க."

"யாரு நடத்தறது?"

"சுப்புராமன் சார்."

"வயசு இன்னா இருக்கும்?"

"பாடத்துக்கும் வயசுக்கும் இன்னாங்க சம்மந்தம்?"

என்ன பாடம் என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும். தோன்றவே இல்லை. நான் மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் படித்தவன். அங்கே எந்த வகுப்பிலும் ஒருத்தரும் சிரித்தது கிடையாது. சிரிப்பு வருகிறதென்றால் அது படிப்பே இல்லை என்பது என் கட்சி.

என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஏசுதாஸ். மாமல்லபுரத்தில் ஒரு பிராட்பேண்ட் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக டெக்னீஷியன். கடலோர ரிசார்ட்டுகள் பாதி என் பொறுப்பு. சனி ஞாயிறில் இருநூறு பேர் வந்து ஒரே சமயத்தில் போனைத் திறந்தால் லைன் திணறும். யார் முதலில், யார் அப்புறம் என்று வரிசை போட்டுக் கொடுப்பது நான்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈசிஆரில் சென்னைக்குத் திரும்புகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழி விடுகிறோம், ஜல்லி லாரியை ஓரம் கட்டுகிறோம். நெட்டிலும் அதேதான். பேச்சுக்கு முன்வரிசை. பேச்சு அரை நொடி நின்றாலும் பேசுகிறவருக்குக் கோபம் வந்துவிடும். படத்துக்கு அடுத்த இடம். டவுன்லோடு கடைசியில் நிற்கலாம், அது மெதுவாக வந்தால் யாரும் சாக மாட்டார்கள். எங்கள் ரவுட்டரில் மொத்தம் எட்டு வரிசை.

இந்த வித்தையில் ஒரு வசதி உண்டு. லைனை வெட்டினால் மாட்டிக்கொள்வோம். வரிசையில் பின்னால் தள்ளினால், 'நெட்டு ஸ்லோவா கீது' என்பதோடு விட்டுவிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜாக்குலின் மீன் வாங்கப் போன நேரத்தில் லேப்டாப்பில் எங்கள் வீட்டு ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்தேன். என் போனுக்கு முதல் வரிசை. டிவிக்கு இரண்டு. ஜாக்குலின் போனுக்கு எட்டு. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் போடாமல் ரவுட்டர் விடாது. 'சுப்புராமன் ஒழிக' என்று போட்டேன். மனசுக்கு இதமாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். கடைசியில் நிற்பவர் கஷ்டப்பட வேண்டுமென்றால் முன்னால் கூட்டம் இருக்க வேண்டும். சாலையே காலியாக இருந்தால் ஜல்லி லாரியும் பறக்கும். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர். கூட்டத்துக்கு எங்கே போவது? நானே கூட்டமானேன். ஏழு மணி ஆனதும் டிவியில் உச்சத் தரத்தில் திமிங்கலப் படம். என் போனில் ஒரு மல்யுத்தம். லேப்டாப்பில் எதற்கென்றே தெரியாத ஒரு பெரிய டவுன்லோடு. கம்பெனி எனக்குச் சலுகையில் கொடுத்த சின்ன லைன், மூன்றையும் தாங்காமல் மூச்சு வாங்கியது.

ஏழு ஐந்துக்கு ஜாக்குலினின் சிரிப்பு நின்றது.

"சார்? கேக்குதா சார்? சார் வாய தொறந்துகினே நிக்கறார்."

என் காதில் தேன் பாய்ந்தது. அன்று திமிங்கலம் துள்ளியபோது நானும் கொஞ்சம் துள்ளினேன்.

"இன்னாங்க, நெட்டு இப்டி சுத்துது. நீங்க கொஞ்சம் பாக்கக்கூடாதா?"

ரவுட்டர் பக்கத்தில் போய்த் தட்டினேன். முகர்ந்துகூடப் பார்த்தேன். "கடக் காத்து. உப்பு புடிச்சிகீது."

"அந்த உப்பு என் போன மட்டுந்தான் புடிக்குதா? உங்க திமிங்கலம் ஜோரா நீந்துது."

"அது கடல்லயே வளந்தது. உப்பு ஒண்ணும் பண்ணாது."

அவள் சிரிக்கவில்லை. சுப்புராமன் இதையே சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

ஒரு வாரம் இப்படியே ஓடியது. ஏழு மணி வகுப்பு ஏழு பத்துக்கு முடிந்துவிடும். அவள் ஹெட்போனைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். நானும் பின்னாலேயே போய் வெங்காயம் உரித்துக் கொடுப்பேன். உலகத்திலேயே நல்ல புருஷன் நான்தான் என்று தோன்றும்.

அடுத்த புதன்கிழமை காலையில் ஆபீசிலிருந்து லோகநாயகி மேடம் போன் செய்தார். எங்கள் பகுதிப் புகார்களை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர் அவர்.

"ஏசுதாஸ், திருவிடந்தைல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துகீது. ஏழு மணிக்கு மட்டும் லைன் ஸ்லோவாம். உன் ஏரியாதான். அட்ரஸ் எழுதிக்க."

எழுதினேன். என் வீட்டு அட்ரஸ்.

"உன் பொண்டாட்டியா இது?"

"ஆமா மேடம்."

"உன் வூட்டு லைனையே உன்னால பாக்க முடியலயா? வெள்ளிக்கெழமைக்குள்ள முடி. இல்லன்னா செங்கல்பட்டு ரிவ்யூ மீட்டிங்ல நீதான் எழுந்து பதில் சொல்லணும்."

புகாரை முடிப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் போனுக்கு ஓடிபி வரும். அதை அவர் வாயால் சொன்னால்தான் புகார் மூடும். ஜாக்குலினைக் கூப்பிட்டேன்.

"ஜாக்கு, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துருக்கும். சொல்லு."

"நெட்டு சரியாய்டுச்சா?"

"ஆய்டும்."

"சரியானப்புறந்தான் குடுக்கணும்னு மெசேஜ்லயே போட்டுகீது. உங்க கம்பெனிதான் அனுப்பிச்சிகீது."

அன்று சாயங்காலம் ஒரு ரிசார்ட்டில் லைன் படுத்துவிட்டது. நான் வீடு திரும்பவே ஒன்பது ஆகிவிட்டது. ஜாக்குலின் முகத்தில் ஏதோ ஒரு தெளிவு. நான் அதைக் கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், போனால் போகிறது, சுப்புராமனை மன்னிப்போம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். ரவுட்டர் பாஸ்வேர்டைப் போட்டேன். தப்பு என்றது. திரும்பப் போட்டேன். அதுவும் தப்பு.

"மாத்திட்டேன்" என்றாள் ஜாக்குலின், கீரை ஆய்ந்துகொண்டே.

"இன்னாத்த மாத்திட்ட?"

"பாஸ்வேர்ட. நேத்து எல்லா தேதியும் போட்டுப் பாத்தேன். உங்க பொறந்த நாளு, வண்டி வாங்குன நாளு. கடசியா நம்ம கல்யாண தேதி. தொறந்துகிச்சி. ஒம்பது வருஷத்துல அந்த ஒரு எடத்துலதான் ஞாபகம் வெச்சிகீறீங்க."

லேப்டாப்பை மெதுவாக மூடினேன்.

"நேத்து நீங்க இல்ல. நெட்டு பறந்துச்சி. சார்கிட்ட சொன்னேன். 'வூட்ல யாரோ கூட்டம் போடறாங்கம்மா, ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்த தொற, எல்லாரும் பாக்கலாம்'னார். இந்த வாரப் பாடமே அதான். நெட்டு நெரிசல். யாருக்கு எந்த வரிசைன்னு."

"நீ படிக்கறது..."

"நெட்வொர்க் கோர்ஸு. ஒம்பது வருஷமா சாப்புடும்போதும் அதத்தான போன்ல பேசறீங்க. நாமளும் கத்துகினா ஒரு வேலைக்கிப் போலாமேன்னு சேந்தேன்."

"பக்கத்த தொறந்தியா? எல்லாருக்கும் காட்னியா?"

"நாப்பது பேருக்கு. சார் சத்தமா படிச்சார். 'சுப்புராமன் ஒழிக.'"

கீரைக்கட்டு ஒன்றை எடுத்து நானும் ஆயத் தொடங்கினேன். வேறு என்ன செய்வது?

"இன்னா சொன்னார்?"

"'வேல தெரிஞ்ச ஆளுதான். மனசுக்குத்தான் இன்னும் கொஞ்சம் ஸ்பீடு வேணும்'னார். அவரே பக்கத்துல இருந்து சொல்லிச் சொல்லி, என் கையாலயே எல்லாத்தயும் சரி பண்ண வெச்சார். வயசு கேட்டீங்களே, அறுவத்தெட்டு. பல்செட்டு. வேகமா பேசுனா கழண்டுக்கும்."

எனக்குப் பாதி உயிர் வந்தது. "அப்ப இவ்ளோ நாளு நீ சிரிச்சதெல்லாம் அந்தப் பல்செட்டுக்கா?"

"அவர் ஒவ்வொண்ணுக்கும் வூட்லேர்ந்து ஒரு உதாரணம் கேப்பார். நான் உங்களப் பத்தி சாட்ல எழுதிப் போடுவேன். எல்லாரும் சிரிப்போம்."

வந்த பாதியும் போய்விட்டது. இருந்தாலும் ஒன்று நிஜம், இத்தனை நாளாய் அவளைச் சிரிக்க வைத்தது நான்தான். அது தெரியாமல் நானே அந்தச் சிரிப்பை நிறுத்தியிருக்கிறேன்.

"சரி, ஓடிபிய சொல்லு."

"காரணம்னு ஒரு எடம் கீதே, அதுல இன்னா எழுதப் போறீங்க?"

"ரவுட்டர் கோளாறு."

"பாவம், அது நீங்க சொன்னத செஞ்சிச்சி. 'மற்றவை' போடுங்க. பக்கத்துல எழுதுங்க. வீட்டுக்காரர் பொறாமை."

"மேடம் படிப்பாங்க, ஜாக்கு."

"நாள முடிக்கலன்னா மீட்டிங்ல எல்லாரும் படிப்பாங்க."

எழுதினேன். அவள் ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே. புகார் மூடியது. அப்பாடா என்று சாய்ந்தேன்.

மறுநாள் லோகநாயகி மேடம் போன் செய்தார். பொறாமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"ஏசுதாஸ், உன் வூட்டு கம்ப்ளெய்ன்ட்டுக்கு அஞ்சு ஸ்டார் வந்துகீது."

"தேங்க்ஸ் மேடம்."

"உனக்கில்ல. சரி பண்ணது யாருன்னு கேட்டதுக்கு சுப்புராமன் சார்னு போட்டுகீது. யாருப்பா அவரு? விசாரிச்சேன், நல்லா நடத்தறாராமே. உன் பேரயும் அந்த வகுப்புல சேத்துட்டேன். திங்கக்கெழமேலேர்ந்து போ."

இப்போது தினமும் ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் மாணவர்கள். ஜாக்குலினுக்கு சுப்புராமன் சார் பெரிய டிவியில், பல்செட்டு பளிச்சென்று தெரிகிற தரத்தில் வருகிறார், சத்தம் மட்டும் அவள் ஹெட்போனில். அவர் ஏதோ சொல்கிறார், நாற்பது பேரும் சிரிக்கிறார்கள், ஜாக்குலின் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எதற்கு என்று எனக்கு ஏழு நிமிஷம் கழித்துத்தான் தெரிகிறது. என் போன் எட்டாம் வரிசையில் இருக்கிறது.