பூப்போட்ட நைட்டி

“வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?” என்று பால்காரர் இரண்டாவது நாளாகக் கேட்டபோது கோதண்டபாணிக்கு மானமே போய்விட்டது. மார்கழி மாதம். விழுப்புரத்தில் அந்தத் தெரு முழுக்கக் கோலம். அவன் வாசல் மட்டும் சாவு விழுந்த வீடு மாதிரி வெறிச்சென்று கிடந்தது.

மனைவி கலைப்பிரியா திண்டிவனம் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் போன மாதம்தான் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். காலை ஐந்தரைக்கு வேன். அதை ஏற்கெனவே இரண்டு முறை விட்டுவிட்டாள்.

“இன்னொரு வாட்டி வேன உட்டா பழையபடி பசை தடவத்தான் போவணும். கோலம் வேணும்னா நீங்களே போடுங்க. மண்டி ஒம்பது மணிக்குத்தான தொறக்குறாங்க?”

“நானா? தெருவே சிரிக்கும்.”

“அப்ப பால்காரர் கேட்டுக்கினே இருக்கட்டும்.”

மறுநாள் வேன் போனதும் கோதண்டபாணி அவளுடைய பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டான். தலைக்குத் துண்டு, மீசைக்கு மப்ளர். மிச்சத்தைப் பனி பார்த்துக்கொண்டது. புள்ளி வைப்பது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. மண்டியில் மூட்டை அடுக்குகிற அதே வரிசைதான்.

எதிர் வாசலிலும் ஒரு நைட்டி குனிந்திருந்தது. காந்திமதி. வாயைத் திறந்தால் லேசில் மூடாத அம்மாள். கோதண்டபாணி பதறி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேச முடியாது என்று சைகை செய்தான். அவளும் முக்காட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த நாள் வாசற்படியில் ஒரு சொம்பு கஷாயம் இருந்தது. எதிர் வாசலில் முக்காடு இவன் பக்கமே திரும்பியிருந்தது. சந்தேகம் வரக்கூடாதே என்று குடித்தான். மிளகு மண்டையில் ஏறியது.

நிமிர்ந்தால்தானே பிடித்துக்கொள்வாள்? குனிந்தபடியே கோலத்தை இழுத்துக்கொண்டே போனான். மயில் வந்தது, தேர் வந்தது. கடைசியில் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து போட்டோ எடுத்தார்கள்.

பொங்கலன்று தெருமுனை மேடையில் மைக் அலறியது. “மார்கழி வாசல் கோலப்போட்டி. முதல் பரிசு கலைப்பிரியா, ரெண்டாவது காந்திமதி. ரெண்டு பேரும் மேடையில போட்டுக் காட்டுனாத்தான் பரிசு.”

கலைப்பிரியாவுக்கு நாலு புள்ளிக்கு மேல் வராது.

“கை சுளுக்குன்னு சொல்லிடு,” என்றான் கோதண்டபாணி.

“கம்பெனி பொண்ணுங்க நிக்குதுங்க. கை சுளுக்குன்னு தெரிஞ்சா லீவு முடிஞ்சதும் என்ன லைன்ல உடுவாங்களா?”

பதினோரு வருஷம் பசை தடவிய கை அது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வெட்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறி மைக்கை வாங்கினான்.

“கோலம் நான்தாங்க போட்டேன். அவங்க சூப்பர்வைசர். அவங்களுக்கு டைம் இல்ல.”

அவன் இருபத்தொரு புள்ளி வைத்து இழுத்து முடித்ததும் கம்பெனிப் பெண்கள் விசிலடித்தார்கள். கலைப்பிரியா எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“ரெண்டாவது பரிசு, காந்திமதி வாங்க.”

காந்திமதி அசையவே இல்லை. அவள் புருஷன் மாரியப்பன்தான் எழுந்தான். நேராக மேடைக்கு வந்து கோலப்பொடியைக் கையில் எடுத்தான்.

“தொண்டை சரியாயிடுச்சா, கோதண்டம்? இவ அஞ்சு மணிக்கே ஆஸ்பத்திரி டூட்டிக்குப் பூடுறா. நாளையிலேர்ந்து நாம ரெண்டு பேரும் லுங்கியிலயே போடலாம், நைட்டி காலத் தடுக்குது.”