பசுமலையில் ஒரு ஜப்பான் பயிற்சி

"என்னண்ணே, பாப்பா கையெல்லாம் ஒரே மண்ணா இருக்கு?"

ஹெல்மெட் போட்டிருந்தும் விஸ்வேஸ்வரன் மாட்டிக்கொண்டார். பசுமலைச் சந்தில், ஆனிமேரி டீச்சர் வீட்டு வாசலில் மகள் ஸ்ரீஜாவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றவன் ராஜபாண்டி. ஆனையூரில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரன். அவன் காதில் விழுந்தது எதுவும் சாயங்காலத்துக்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும்.

ஸ்ரீஜா நாலாம் வகுப்பு. கணக்கை மனதிலேயே போடுவாள். கேட்ட கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் அவளுக்குப் பிடிகொடுக்காது. டிஸ்லெக்ஸியா என்றார் டாக்டர். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தால் வாசித்துவிடுவாள் என்றும் சொன்னார். ஆனிமேரி டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்ல வைப்பார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஒரு மண்ணும் இல்லை. ஆனால் விஸ்வேஸ்வரன் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஆயிற்றே! வருசா வருசம் பரிசளிப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "பெத்தவங்க கவனிச்சா எந்தப் பிள்ளையும் ஃபர்ஸ்ட் ரேங்க்!" என்று முழங்குகிற மகான். அவர் மகளுக்கே வாசிப்பு தடுமாறுகிறது என்றால் தலையில் இருக்கிற கிரீடம் கழன்று விழுந்துவிடாதா?

"மண்ணு இல்ல தம்பி, இது ஜப்பான் டெக்னிக்," என்றார் வாய் கூசாமல். "ஐஏஎஸ் பவுண்டேஷன் கோர்ஸ். மணல்ல விரல் பட்டா மூளை அம்புட்டு வேகமா வேலை செய்யுமாம்."

ஸ்ரீஜா அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அவர் அவசரமாக வண்டியைக் கிளப்பினார்.

"அப்ப நம்ம பையன் ஷ்யாமையும் சேத்துவிட்ருங்கண்ணே!" என்று வண்டியைப் பிடித்துக்கொண்டான் ராஜபாண்டி.

"சும்மா எல்லாம் சேக்க மாட்டாங்க. நுழைவுத் தேர்வு இருக்கு. லேசுப்பட்டது இல்ல!"

ஆளைக் கத்தரித்துவிட்ட திருப்தியோடு வீடு வந்தார். சாயங்காலம் செல்போனைத் திறந்தார். 'ஜப்பான் முறையில் ஐஏஎஸ் பவுண்டேஷன். ஞாயிறு காலை நுழைவுத் தேர்வு. ஏற்பாடு, நமது செயலாளர் அண்ணன்' என்று ராஜபாண்டி போட்டிருந்தான். ஞாயிறு என்று அவனுக்கு எவன் சொன்னது? கீழ்வீட்டு தனிஸ்லாஸ் தன் மகள் ஜெனிஷாவும் வருவாள் என்று எழுதியிருந்தார். எதிர்வீட்டு மாதங்கி மேடம், தன் மகனுக்கும் ஓர் இடம் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். இத்தனைக்கும் அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தின் துணை முதல்வர்!

மறுநாள் விடிந்ததும் விஸ்வேஸ்வரன் பசுமலைக்கு ஓடினார்.

"ஐஏஎஸ்ஸா? எங்கிட்டயா?" ஆனிமேரி டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் சார், உள்ளதச் சொன்னா என்ன கொறைஞ்சு போகுது?"

"மானம் போயிரும் டீச்சர். ஏதாவது ஒரு டெஸ்ட்ட வச்சு அம்புட்டுப் பேரையும் தள்ளிவிட்ருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"டெஸ்ட் வச்சுத்தான் நான் எப்பவுமே சேக்கிறேன். ஆனா சரளமா வாசிக்கிற பிள்ளைக்கு இங்க என்ன வேலை? தட்டுத்தடுமாறுற பிள்ளையத்தான் எடுப்பேன்."

விஸ்வேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதா? ஷ்யாம் தினமும் பேப்பரைக் கரைத்துக் குடிக்கிறான் என்று ராஜபாண்டி சொல்லாத நாள் இல்லை. ஜெனிஷா இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை எடுத்தால் சோறு தண்ணி மறந்துவிடுவாள் என்பார் தனிஸ்லாஸ். மாதங்கி மேடம் மகனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்றும் ஒரே நிமிசத்தில் இடம் கிடைக்காமல் வெளியே வந்துவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பமும் பசுமலையில் வந்து இறங்கியது. விஸ்வேஸ்வரன் ஸ்ரீஜாவோடு முன்னாலேயே வந்திருந்தார். பிள்ளைகளுக்குக் கல்யாண வீட்டு உடுப்பு. ஷ்யாம் நெற்றியில் பட்டையாக விபூதி.

"அடேங்கப்பா, இப்பிடி ஒரு சந்து இருக்கிறதே இன்னைக்குத்தான் தெரியும்!" என்றார் தனிஸ்லாஸ், தெருவுக்கே கேட்கும்படி.

"நானும் மேப் போட்டுத்தான் வந்தேன்," என்றார் மாதங்கி மேடம்.

டீச்சர் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கதவு திறந்தது.

"மூணு பேருமே இங்க வரவேண்டிய பிள்ளைகதான்," என்றார்.

சந்தே அதிர்ந்தது. ராஜபாண்டி மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். மாதங்கி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்க தனிஸ்லாஸ் ஓடினார். என்ன தேர்வு, என்ன பாடம் என்று ஒருவர் வாயிலிருந்தாவது ஒரு கேள்வி வரவேண்டுமே! தேறிவிட்டான் என்று சொல்லிவிட்டால் போதும், எதில் தேறினான் என்று நம் ஊரில் யார் கேட்கிறார்கள்?

விஸ்வேஸ்வரன் மட்டும் திருதிருவென்று விழித்தார். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு வந்து ஸ்ரீஜா பக்கத்தில் உட்காருமே! அவள் எழுத்துக் கூட்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லுமே! யோசிக்க நேரமில்லை.

"ஒரு சந்தோஷமான செய்தி!" என்று பரிசளிப்பு விழாக் குரலில் முழங்கினார். "எங்க ஸ்ரீஜா கோர்ஸையே முடிச்சுட்டா! இனிமே அவ வரவேண்டியதில்ல!"

பலத்த கைதட்டல். டீச்சர் அவர் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வெளையாடுறீங்களா சார்? போன வாரந்தான் ஒரு பக்கத்த யார் துணையும் இல்லாம வாசிச்சா. இப்ப விட்டா பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும். ஒரு வீட்டு விஷயத்த இன்னொரு வீட்ல நான் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

"நீங்க சொல்ல வேண்டாம் டீச்சர். அவ வாயத் தொறந்து வாசிச்சாலே தெரிஞ்சுருமே!"

ஸ்ரீஜா மணல் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ப்பா, நான் வாரேன்ப்பா. எனக்கு இப்பத்தாம்ப்பா வாசிக்க வருது."

மனது பிசையத்தான் செய்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எடம் காலியா இருக்காது சார். காத்துக்கிட்டு இருக்கிற வேற பிள்ளைக்குக் குடுத்துருவேன்."

"தாராளமாக் குடுங்க!" என்று மகளின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி வைத்தார் செயலாளர்.

மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு, விசும்பும் பிள்ளையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கே டீச்சர் வீட்டில் வேலை பார்க்கும் செல்லத்தாய் வகுப்பு மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள். விஸ்வேஸ்வரன் பெரிய மனது பண்ணிக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் புதுப் பிள்ளைகளப் பாத்துக்கம்மா. பாவம், இது என்ன வகுப்புன்னே தெரியாம வந்து சேந்துருக்குதுக."

செல்லத்தாய் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"எது, புதுப் பிள்ளைகளா? நல்லா இருக்கே கூத்து! மூணும் போன வருசத்துல இருந்து ஆளுக்கொரு கிழமை வந்து இந்த மண்ணுலதான சார் எழுதுதுக, அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாதுன்னு ஒளிஞ்சு ஒளிஞ்சு கூட்டியாந்தவுக, இனிமே ஐஏஎஸ்னு சொல்லிக்கிட்டு ஒரே ஆட்டோவுல அனுப்பலாம்னு ஒங்களக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுல்ல போறாக!"